வீடு வாங்க வழி பல. வீட்டைக் காக்க வழி ஒன்று



கடையை அடைத்து, கல்லாவை எண்ணி, சிட்டையில் வரவு செலவு எழுதி முடித்த பிறகு நம்மவர்கள் நான்கு பேர் ஓரிடத்தில் கூடினால், பேச்சு எதில் தொடங்கினாலும் கடைசியில் மனையில் வந்துதான் நிற்கும். வரிச்சிக்குடிப் பக்கம் குழி என்ன விலை போகிறது, பொறையாரில் புது நகர் போட்டிருக்கிறார்களாமே, காரைக்காலில் இன்னார் வீடு விலைக்கு வருகிறதாமே என்று பேசிக்கொண்டே இருப்போம். இதில் தவறு ஒன்றும் இல்லை. உத்தியோகம் பார்த்தவருக்கு ஓய்வூதியம் உண்டு, வைப்பு நிதி உண்டு. மளிகைக் கடைக்காரருக்கு என்ன உண்டு? முழங்கால் வலி உண்டு. மூட்டை தூக்க முடியாத வயதில், மாதம் பிறந்தால் வாடகை வரும் ஒரு வீடுதான் நமக்கு ஓய்வூதியம்.

ஆகவே வீடு வாங்கலாமா வேண்டாமா என்பது இந்தக் கட்டுரையின் கேள்வி அல்ல. கையில் முழுப் பணம் இல்லாத நம்மைப் போன்றவர்கள் எந்தெந்த வழியில் பணம் திரட்டி வீடு வாங்குகிறோம், அந்த வழிகளில் எது கரை சேர்க்கும், எது கவிழ்க்கும் என்பதே கேள்வி. கரை சேர்ந்ததும் கவிழ்ந்ததும் இரண்டுமே நம் அனுபவத்தில் உண்டு. இரண்டையும் மறைக்காமல் எழுதுகிறோம்.

வங்கி வாசலில் வியாபாரி

வீட்டுக் கடன் இன்று தொலைபேசியில் கூப்பிட்டுத் தருகிற பொருளாகிவிட்டது. அந்நாளில் அப்படி இல்லை. தனியார் துறையில் வீட்டுக்கென்றே கடன் தரும் எச்.டி.எஃப்.சி. நிறுவனம் 1977-ல்தான் தொடங்கியது. தேசிய வீட்டுவசதி வங்கி வந்தது 1988-ல். நாம் தொழிலுக்கு வந்த காலத்தில் வங்கியில் போய் வீட்டுக் கடன் என்றால், முதலில் கேட்பது சம்பளச் சான்றிதழ். கடைக்காரனுக்குச் சம்பளம் யார் கொடுப்பது, சான்றிதழ் யார் கொடுப்பது?

இன்றைக்கும் வியாபாரிக்கு நிலைமை முழுதும் மாறிவிடவில்லை. மூன்று ஆண்டு வருமான வரிக் கணக்கு, ஜி.எஸ்.டி. கணக்கு, வங்கி வரவு செலவு எல்லாம் கேட்கிறார்கள். கணக்கைக் குறைத்துக் காட்டியவர்கள் அங்கே போய் நின்றால், காட்டிய வருமானத்துக்கு ஏற்ற கடன்தான் கிடைக்கும். வரிக்காக மறைத்த லாபம் வங்கி மேசையில் உதவிக்கு வராது. இது ஒன்றே கணக்கை ஒழுங்காக எழுதப் போதுமான காரணம்.

வங்கி கைகொடுக்காத இடத்தில் நம் முன்னோர்கள் சும்மா இருக்கவில்லை. சீட்டு, போக்கியம், நகை, கூட்டு என்று நான்கு வழிகளை வைத்திருந்தார்கள். இவற்றை ஒன்றோடொன்று பின்னி வீடு வாங்குவது நமக்குப் புதிதல்ல.

1987-ல் வாங்கிய ஓட்டு வீடு

நாம் முதலில் வாங்கியது கடைக்குப் பின் தெருவில் இருந்த ஓர் ஓட்டு வீடு. விலை 90,000 ரூபாய். கையில் இருந்தது 16,000. அதிலும் முத்திரைத்தாள், பதிவு, எழுத்துக்கூலி என்று 10,000 போய்விடும். விலைக்கு உதவுவது 6,000 மட்டுமே. மீதி 84,000 எங்கிருந்து வந்தது என்பதைக் கேளுங்கள்.

அப்போது 30,000 ரூபாய்ச் சீட்டு ஒன்று கட்டிக்கொண்டிருந்தோம். எட்டாவது மாதமே 6,000 தள்ளி ஏலத்தில் எடுத்தோம். கைக்கு வந்தது 24,000. வீட்டம்மாவின் நகையைக் கூட்டுறவு வங்கியில் வைத்தது 20,000. ஆக 44,000. இன்னும் 40,000 வேண்டும். அந்த வீட்டிலேயே வாடகைக்கு இருந்த ஆசிரியர் ஒருவர், வாடகை கொடுத்துக் கட்டவில்லை, போக்கியத்துக்கு வீடு கிடைத்தால் போய்விடுவேன் என்று நம் கடையில் மளிகை வாங்கும்போது சொல்லிக்கொண்டிருந்தார். இதே வீட்டையே உங்களுக்கு மூன்று வருடப் போக்கியத்துக்குத் தருகிறேன் என்றோம். அவர் வங்கி வரைவோலையாக 40,000 கொண்டுவந்தார்.

ஒரே நாளில் காரைக்கால் சார்பதிவாளர் அலுவலகத்தில் இரண்டு பத்திரம் பதிவாயின. முதலில் கிரயம், அடுத்த எண்ணில் போக்கியம். விற்றவருக்கு முழுப்பணம் கிடைத்தது. ஆசிரியருக்கு மூன்று ஆண்டு வாடகை மிச்சம். நமக்கு வீடு. மூன்றாம் ஆண்டு இன்னொரு சீட்டை எடுத்துப் போக்கியத்தைத் திருப்பினோம், ரத்துப் பத்திரமும் பதிவு செய்துகொண்டோம். அந்த வீட்டு வாடகை இன்றும் வருகிறது.

இதில் எந்த மாயமும் இல்லை. மூன்று காரணங்களால் இது பலித்தது. எல்லாரும் ஒருவரையொருவர் அறிந்தவர்கள். எல்லாமே பதிவான பத்திரம். மண்டிக்குக் கொடுக்க வேண்டிய பணத்தில் ஒரு காசும் இதில் சேரவில்லை. இந்த மூன்றாவது காரணத்தின் அருமை நமக்கு அப்போது தெரியவில்லை. பிற்பாடு தெரிந்தது.

சீட்டு: சத்திரக்காரர் கண்ட வழி

சீட்டு நம் ஊர்ச் சரக்கு என்று நினைக்கிறோம். வெள்ளைக்காரர் நாட்டிலும் இதே வழியில்தான் எளியவர்கள் வீடு கட்டினார்கள். இங்கிலாந்தில் பர்மிங்ஹாம் நகரில் 1775-ஆம் ஆண்டு வாக்கில் ரிச்சர்ட் கெட்லி என்ற சத்திரக்காரர் தம் சத்திரத்திலேயே ஒரு சங்கம் தொடங்கினார். உறுப்பினர்கள் மாதம் ஒரு தொகை கட்டுவார்கள். சேர்ந்த பணத்தில் ஒவ்வொருவருக்காக வீடு அமையும். எல்லாருக்கும் வீடு ஆனதும் சங்கம் கலையும். உலகத்தில் வீடு கட்டும் சங்கங்களுக்கு முதல் முன்னோடியாக இதையே சொல்கிறார்கள். அவரும் நம்மைப் போல் கல்லாவில் உட்கார்ந்த வியாபாரிதான் என்பதில் நமக்கு ஒரு பெருமை.

நம் பக்கத்திலும் இந்த எண்ணம் வளர்ந்தது. சென்னையில் 1872-ல் தொடங்கிய மயிலாப்பூர் இந்து பெர்மனன்ட் ஃபண்ட் போன்ற நிதிகள், உறுப்பினர் பணத்தை உறுப்பினருக்கே கடனாகத் தந்தன. கும்பகோணத்தில் 1904-ல் பிறந்த கும்பகோணம் வங்கிதான் இன்றைய சிட்டி யூனியன் வங்கி. தூத்துக்குடியில் 1921-ல் நாடார் வங்கியாகத் தொடங்கியது இன்று தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கி. அறிந்தவர் பணம் அறிந்தவருக்கு உதவுவது என்ற ஒரே வேரிலிருந்து கிளைத்தவை இவை.

ஆனால் அறிந்தவர் என்பதால் மட்டும் சீட்டு பத்திரமாகிவிடாது. 1982-ஆம் ஆண்டுச் சீட்டு நிதிச் சட்டப்படி முன் அனுமதி பெற்றுப் பதிவு செய்த சீட்டுதான் சீட்டு. 2021-ல் வந்த திருத்தத்தின்படி தனி ஒருவர் நடத்தும் சீட்டுகளின் மொத்தத் தொகை உச்சவரம்பு 1 லட்சத்திலிருந்து 3 லட்சமாக உயர்ந்தது. நடத்துபவரின் கழிவு 5 விழுக்காட்டிலிருந்து 7 விழுக்காடு ஆயிற்று. தெருவில் ஒருவர் தனியாளாக 10 லட்சம் சீட்டு நடத்துகிறார் என்றால், அவர் எவ்வளவு நல்லவராயினும் சட்டம் அவருக்குத் துணை இல்லை. கட்டிய நமக்கும் துணை தேடுவது கடினம்.

இன்னொன்று. முன்னதாக எடுக்கும் சீட்டு மலிவான கடன் என்று எண்ண வேண்டாம். நாம் 30,000 சீட்டில் 24,000 வாங்கிக்கொண்டு மீதி மாதமெல்லாம் கட்டினோம். தள்ளிய 6,000 வட்டிதான். எடுக்குமுன் அதை மாத வட்டியாகக் கணக்கிட்டு வங்கி வட்டியோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

போக்கியம்: கொடுப்பவரும் எடுப்பவரும்

மொத்தமாகப் பணம் கொடுத்து, வாடகை இல்லாமல் குடியிருந்து, காலம் முடிந்ததும் பணத்தை முழுதாகத் திரும்பப் பெறுவது போக்கியம். தென் மாவட்டங்களில் ஒத்தி என்பார்கள். பணத்துக்கு வட்டி இல்லை, வீட்டுக்கு வாடகை இல்லை. இரு பக்கமும் சரியாகப் போய்விடும்.

வீட்டை விற்காமல் காப்பாற்றவும் இது உதவும். நம் வாடிக்கையாளர் அம்மா ஒருவர், கணவர் காலமான பிறகு பல இடங்களில் கடன் ஏறி, வீட்டை விற்றுவிடப் போவதாக ஒரு நாள் நம்மிடம் சொன்னார். நாமே வாங்கியிருக்கலாம். அவசரத்தில் விற்பவரிடம் விலை குறைத்துக் கேட்பது வியாபாரம்தானே என்று மனம் சொல்லாமல் இல்லை. ஆனால் இருபது வருடம் நம் கடையில் சாமான் வாங்கியவர். முன்பகுதியை மட்டும் போக்கியத்துக்கு விடுங்கள் அம்மா என்று சொல்லி, வீடு தேடிக்கொண்டிருந்த மருந்துக்கடைக்காரர் ஒருவரைக் காட்டினோம். 75,000 ரூபாய்க்குப் பத்திரம் ஆனது. கடன் அடைந்தது. மகன் வேலைக்குப் போனதும் மீட்டுக்கொண்டார்கள். அந்தக் குடும்பம் இன்றைக்கும் நம்மிடம்தான் மளிகை வாங்குகிறது. அந்த வீட்டை மலிவாக வாங்கியிருந்தால் ஒரு வீடு கிடைத்திருக்கும். தெருவே நம்மை வேறு கண்ணால் பார்த்திருக்கும்.

போக்கியத்துக்குப் பணம் கொடுப்பவர் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. தென்கொரியாவில் சோன்சே என்று இதே முறை பெரிய அளவில் நடக்கிறது. வீட்டு விலையில் பாதிக்கு மேலும் முன்பணமாகக் கொடுத்து வாடகையின்றிக் குடியிருப்பார்கள். ஒரே ஆள் கடன் வாங்கிப் பல வீடுகளை வாங்கி, குடிவருபவரின் பணத்தை வைத்தே அடுத்த வீட்டை வாங்கிக்கொண்டு போனார்கள். 2022, 2023-ஆம் ஆண்டுகளில் வீட்டு விலை இறங்கியபோது திருப்பித் தரப் பணம் இல்லை. இன்சொன் நகரில் எத்தனையோ இளங்குடும்பங்கள் வாழ்நாள் சேமிப்பை இழந்தன. பாதிக்கப்பட்டவர்களுக்காக 2023-ல் அந்நாட்டு நாடாளுமன்றம் தனிச் சட்டமே போட வேண்டியதாயிற்று.

இதில் நமக்குப் பாடம் இருக்கிறது. வங்கியில் ஏற்கனவே அடமானத்தில் உள்ள வீட்டைப் போக்கியத்துக்கு எடுத்தால், வங்கிக்குத்தான் முதல் உரிமை. 2002-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வங்கி நீதிமன்றம் போகாமலே வீட்டைக் கையகப்படுத்தி ஏலம் விட முடியும். வில்லங்கச் சான்று பார்த்து, பத்திரமாகப் பதிவு செய்யாமல் போக்கியப் பணம் கொடுக்கவே கூடாது. வெறும் முத்திரைத்தாளில் எழுதிய போக்கியம், அவசரத்துக்கு உதவாத காகிதம்.

நாங்கள் மூவர் வாங்கிய திடல்

முதல் வீடு பலித்த தைரியம் நம்மை அடுத்த காரியத்தில் இறக்கியது. 1996-ஆம் வருடம், அரிசி வியாபாரி ஒருவர், பாத்திரக்கடைக்காரர் ஒருவர், நாம் ஆக மூவர். ஒரு திடல் விலைக்கு வந்தது. விலை 6 லட்சம். திட்டம் என்னவென்றால், முன்பணம் கொடுத்து ஒப்பந்தம் போடுவது. உரிமையாளரிடம் பொது அதிகாரப் பத்திரம் வாங்குவது. ஆறு மனையாகப் பிரித்து நாலை விற்று, அந்தப் பணத்திலேயே மீதி விலையைக் கொடுத்துவிட்டு, இரண்டை வைத்துக்கொண்டு வீடு கட்டி வாடகைக்கு விடுவது. காகிதத்தில் எழுதிப் பார்த்தால் அமிர்தமாக இருந்தது.

ஆளுக்கு 80,000 போட்டு 2,40,000 முன்பணம் கொடுத்தோம். கெடு 11 மாதம். ஒப்பந்தமும் அதிகாரப் பத்திரமும் எங்களில் ஒருவர் பெயரில் மட்டும். மூன்று பேர் கையெழுத்துக்கு அலைவானேன் என்றார். நாங்களும் சரி என்றோம். ஒப்பந்தத்தைப் பதிவு செய்யவில்லை. வில்லங்கம் 13 ஆண்டுக்குத்தான் பார்த்தோம். நம் பங்கான 80,000-ல் 50,000, விருதுநகர் மண்டிக்கு மிளகாய்க்கும் பருப்புக்கும் கட்ட வேண்டிய பணம். தீபாவளிக்குள் இரண்டு மனை விற்றுவிடும், கட்டிவிடலாம் என்று கணக்குப் போட்டோம்.

ஏழாவது மாதம் உரிமையாளர் காலமானார். அவரோடு அதிகாரப் பத்திரமும் போயிற்று. கொடுத்தவர் இறந்தால் அதிகாரம் முடிந்துவிடும் என்பது 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்திலேயே இருக்கிறது. எங்களுக்குத்தான் தெரியவில்லை. வாரிசு மூவரில் ஒருவர் பிரான்சில். மகளைக் கேட்கவே இல்லை என்று அவர் தனியாக நின்றார். வக்கீல் மேலும் தோண்டியபோது 16 ஆண்டுக்கு முந்தைய அடமானம் ஒன்று தீராமல் கிடந்தது. நாங்கள் பார்த்த 13 ஆண்டுக்குள் அது வரவில்லை.

இவையெல்லாம் பிறகு. அதற்கு முன்பே தீபாவளி வந்துவிட்டது. மனை ஒன்றுகூட விற்கவில்லை. மண்டிக்குச் சொன்ன தேதியில் பணம் போகவில்லை. பத்து வருடமாகத் தபால் அட்டையில் எழுதினாலே லாரியில் சரக்கு ஏற்றி அனுப்பிய மண்டி, முதல்முறையாக, பணம் வந்ததும் சரக்கு என்று எழுதியது. கும்பகோணத்தில் ரொக்கத்துக்குச் சரக்கு எடுத்தோம், விலை கூடுதல். நம்மிடம் எடுத்துக்கொண்டிருந்த சில்லறைக் கடைகள் சில, அந்தப் பண்டிகையோடு வேறு இடம் பார்த்துக்கொண்டன. அவர்கள் மேல் குறை சொல்ல முடியாது. சரக்கு இல்லாத மொத்தக் கடைக்கு யார் வருவார்?

வழக்கு ஐந்தாண்டு நடந்து 2001-ல் சமரசத்தில் முடிந்தது. 1,50,000 திரும்பியது, வட்டி இல்லை. அதுவும் ஒப்பந்தம் யார் பெயரில் இருந்ததோ அவர் பெயருக்கே வந்தது. வழக்குச் செலவு யார் எவ்வளவு செய்தார் என்பதில் சண்டை. கடைசியில் ஆளுக்கு 50,000 பிரித்துக்கொண்டோம்; சில வருடம் ஒருவர் கடை வாசலை ஒருவர் மிதிக்கவில்லை. போனது 30,000 ரூபாய் என்று சொல்வது பேரேட்டுக் கணக்கு. மண்டியிடம் போன நாணயத்தை மீட்க ஆறேழு வருடம் ஆயிற்று. அது எந்தப் பேரேட்டிலும் இல்லை.

அதிகாரப் பத்திரத்தை வைத்து விற்பது வாங்குவது பற்றி உச்ச நீதிமன்றம் 2011 அக்டோபரில் சூரஜ் லேம்ப் வழக்கில் தெளிவாகவே சொல்லிவிட்டது. பதிவான கிரயப் பத்திரம் ஒன்றுதான் உரிமையைக் கொடுக்கும்; ஒப்பந்தமும் அதிகாரப் பத்திரமும் உயிலும் சேர்ந்தாலும் கிரயம் ஆகாது. ஒப்பந்தத்தை நம்பிச் சொத்தைச் சுவாதீனத்தில் எடுத்தவருக்குச் சட்டத்தில் உள்ள பாதுகாப்பும், 2001-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு ஒப்பந்தம் பதிவாகியிருந்தால்தான் கிடைக்கும்.

காரைக்கால் பத்திரத்தின் தனிக் குணம்

மற்ற ஊர்க்காரர்களுக்கு இல்லாத சில சிக்கல்கள் நமக்கு உண்டு. காரைக்கால் பகுதி 1954 நவம்பர் 1 அன்று இந்திய நிர்வாகத்துக்கு வந்தது. சட்டப்படி இணைந்தது 1962 ஆகஸ்டு 16-ல். அதற்கு முந்தைய பத்திரங்கள் பலவும் பிரெஞ்சு மொழியில் இருக்கும். மூலப்பத்திரம் பிரெஞ்சில் இருக்கிறது, யாரால் படிக்க முடியும் என்று விட்டுவிடாதீர்கள். விவரம் தெரிந்தவரிடம் கொடுத்து மொழிபெயர்த்து வாங்குங்கள். பிரெஞ்சுச் சட்டத்தில் ரெமெரே என்று ஒரு கிரயம் உண்டு. விற்றவர் ஐந்து ஆண்டுக்கு மேற்படாத கெடுவுக்குள் பணத்தைத் திருப்பிக் கொடுத்துச் சொத்தை மீட்டுக்கொள்ளலாம். பார்த்தால் கிரயம், உள்ளே கடன். பழைய பத்திரத்தில் அப்படி ஏதும் நிபந்தனை இருந்ததா, அது எப்படி முடிந்தது என்று பார்ப்பது அவசியம்.

அடுத்தது வாரிசு. நம் பக்கத்துக் குடும்பங்களில் ஒருவராவது பிரான்சிலோ சிங்கப்பூரிலோ வளைகுடாவிலோ இருப்பார். பிரெஞ்சுக் காலத்தில், 1881-ஆம் ஆண்டு ஆணைப்படி, சொந்தச் சமயச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுச் சிவில் சட்டத்தை ஏற்றுக்கொண்ட குடும்பங்களுக்கு வாரிசு உரிமை வேறு விதம். இந்துக் குடும்பங்களுக்கு ஒரு விதம், முஸ்லிம் குடும்பங்களுக்கு ஒரு விதம். எந்தச் சட்டம் பொருந்தும் என்று தெரியாமல் எல்லாரும் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள் என்று சொல்ல முடியாது. வெளிநாட்டிலிருந்து வரும் அதிகாரப் பத்திரம் அங்குள்ள நம் தூதரகத்தில் சான்று பெற்றதா, இங்கே வந்து மூன்று மாதத்துக்குள் முத்திரை வைக்கப்பட்டதா என்று பாருங்கள். அனுப்பியவர் உயிரோடு நலமாக இருக்கிறாரா என்று பதிவு நாளன்று தொலைபேசியில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

விற்பவர் வெளிநாட்டில் வசிப்பவர் என்றால் வரிப் பிடித்தமும் மாறும். உள்ளூர்க்காரரிடம் 50 லட்சமோ அதற்கு மேலோ விலைக்கு வாங்கினால் 1 விழுக்காடு பிடித்துக் கட்ட வேண்டும் என்பது 2013 ஜூனிலிருந்து உள்ள விதி. வெளிநாட்டில் வசிப்பவரிடம் வாங்கினால் இந்த 50 லட்ச வரம்பு இல்லை, விகிதமும் வேறு. பிடிக்காமல் விட்டால் பொறுப்பு வாங்கியவர் தலையில். ஆடிட்டரைக் கேட்காமல் பணம் கொடுக்காதீர்கள்.

மளிகைக் கடைக்கு வரும் செய்தி

எந்த வீடு விலைக்கு வரும் என்பது தரகருக்குத் தெரிவதற்கு முன் மளிகைக் கடைக்காரருக்குத் தெரியும். மாத சாமான் பட்டியல் பாதியாகக் குறைந்தால் குடும்பம் வேறு ஊருக்குப் போகப் போகிறது. பூட்டியிருந்த வீட்டுக்குத் திடீரென்று சாமான் போனால் வெளிநாட்டிலிருந்து ஆள் வந்திருக்கிறார். பால்காரர், சலவைத் தொழிலாளி, லாரி அலுவலகத்துக் கணக்கர், பத்திர எழுத்தர் ஆகியோர் நம் கடைப் பெஞ்சில் உட்கார்ந்து டீ குடிக்கும் பத்து நிமிடத்தில் ஊர் நிலவரம் முழுதும் வந்துவிடும். இந்தப் பழக்கம் நம் பெரிய மூலதனம். ஆசிரியர் போக்கியம் தேடியதும், மருந்துக்கடைக்காரர் வீடு தேடியதும் இந்தப் பெஞ்சில் கிடைத்த செய்திதான்.

ஆனால் பழக்கத்தின் வேலை அதோடு முடிந்தது. திடல் வாங்கிய மூவரும் நல்ல பழக்கம்தான். உரிமையாளரும் தெரிந்தவர்தான். தெரிந்தவர் என்பதால்தான் பத்திரத்தைப் பார்க்காமல் விட்டோம். அந்நியரிடம் வாங்கியிருந்தால் பத்து முறை பார்த்திருப்போம்.

நாம் கடைப்பிடிக்கும் விதிகள்

அந்தத் திடலுக்குப் பிறகு நாம் மூன்று சொத்து வாங்கினோம். ஒன்றிலும் வழக்கு வரவில்லை. அதற்குக் காரணமான விதிகளை இங்கே தருகிறோம்.

1. மண்டிக்குக் கொடுக்க வேண்டியதையும், மூன்று மாதம் சரக்கு எடுக்கத் தேவையான பணத்தையும் முதலில் ஒதுக்க வேண்டும். மிஞ்சியதுதான் வீட்டுப் பணம். சரக்குப் பணம் 15 நாளில் திரும்பும். மனையில் போட்ட பணம் எப்போது திரும்பும் என்று யாரும் சொல்ல முடியாது.

2. வில்லங்கம் குறைந்தது 30 ஆண்டுக்குப் பார்க்க வேண்டும். மூலப்பத்திரம் தொடங்கி இன்றைய பத்திரம் வரை சங்கிலி அறாமல் இருக்க வேண்டும். கோயில் நிலம், வக்ஃப் நிலம், புறம்போக்கு அல்ல என்று உறுதி செய்ய வேண்டும். கடலோரமானால் கடற்கரை ஒழுங்குமுறை விதியையும் பார்க்க வேண்டும்.

3. எல்லைக்கு அப்பால் தமிழ்நாட்டில் மனை வாங்குபவர்கள் அங்கீகாரம் பார்த்தே வாங்க வேண்டும். அங்கீகாரமில்லாத மனைகளின் பதிவுக்கு 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் தடை போட்டபோது கையைப் பிசைந்தவர்களை நாம் அறிவோம்.

4. முன்பணம் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ என்றால் ரொக்கம் வேண்டாம். 2015 ஜூனிலிருந்து சொத்துக்கான முன்பணத்துக்கும் இந்த விதி உண்டு. மீறி வாங்கியவருக்கு வாங்கிய தொகை அளவுக்கே அபராதம் வரலாம். வங்கி வழியாகக் கொடுத்தால் கொடுத்ததற்குச் சாட்சியும் கிடைக்கும்.

5. கூட்டாக வாங்கினால் எல்லார் பெயரும், ஆளுக்கு எவ்வளவு பங்கு என்பதும் பத்திரத்திலேயே இருக்க வேண்டும். பலர் பணம் போட்டு ஒருவர் பெயரில் வாங்குவது, 1988-ல் வந்து 2016-ல் கடுமையாக்கப்பட்ட பினாமிச் சட்டத்தில் கொண்டுபோய் விடலாம். ஒருவர் விலக நினைத்தால் எந்த விலைக்கு யார் எடுத்துக்கொள்வது என்பதையும் முதல் நாளே எழுத வேண்டும். நட்பு நன்றாக இருக்கும்போதுதான் அதை எழுத முடியும்.

6. ஒரே நேரத்தில் இரண்டு கடனுக்கு மேல் ஒரு வீட்டின் மேல் ஏற்றக் கூடாது. சீட்டும் போக்கியமும் நகையும் ஒன்றாக வைத்து வாங்கினோம் என்று மேலே எழுதினோம். அது இளமைத் துணிச்சல். ஏதாவது ஒன்று இடறியிருந்தால் வீடும் நகையும் சேர்ந்து போயிருக்கும். இன்று நம் பிள்ளைகளை அப்படிச் செய்ய விடமாட்டோம்.

7. வக்கீலுக்குக் கொடுக்கும் சில ஆயிரத்தை மிச்சம் பிடிக்கக் கூடாது. நாங்கள் மூவரும் அன்று மிச்சம் பிடித்தது 500 ரூபாய்.

முடிவாக ஒரு வார்த்தை. திடல் வாங்கிய மூவரில் அரிசிக்கடைக்காரர் இப்போது இல்லை. அவர் மகன் சென்ற ஆண்டு ஒரு வீடு வாங்கப்போகுமுன் பத்திரக் கட்டோடு நம் கடைக்கு வந்து, பாத்திரக்கடைக்காரரையும் அழைத்துவந்து, இரண்டு பேரும் பார்த்துச் சொல்லுங்கள் சித்தப்பா என்றார். மாலை முழுதும் உட்கார்ந்து பார்த்தோம். நடுவில் ஒரு பாகப்பிரிவினைப் பத்திரம் குறைந்தது. அது வந்த பிறகு வாங்கு என்றோம். மூன்று மாதம் காத்திருந்து, பத்திரம் வந்த பிறகே வாங்கினார்.

நம் சங்கத்திலும் இதை வழக்கமாக்கலாம் என்பது நமது எண்ணம். விலைவாசி பேசக் கூடும் நாளில், வீடு வாங்கப்போகும் உறுப்பினர் யாராயினும் பத்திர நகலைக் கொண்டுவந்து வைக்கட்டும். அடிபட்டவர்கள் நாலு பேர் பார்த்துச் சொல்வோம். அதற்குக் கூலி வேண்டாம், டீ மட்டும் போதும். பழக்கம் நமக்கு வீட்டைக் காட்டும். அதைக் காப்பது பத்திரம்தான்.